வாசமில்லாத சரக்கு

பெரியப்பாவைக் கையும் களவுமாகப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பொறுப்பைக் கொடுத்தது அம்மா. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் தூத்துக்குடியிலேயே கிடையாது என்று அவள் நினைத்தாள். அதில் தப்பில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று ஊரெல்லாம் சந்தேகப்படும். ஒருநாள் பால் கெட்டியாக இருந்தால் இன்றைக்கு ஏன் கலக்கவில்லை, இதில் என்ன சூது என்று யோசிக்கிற பிள்ளை நான். கோயிலில் கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுத்தபோது எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டின. நான் குனிந்து அவர் செருப்பைப் பார்த்து, "இது உபதேசியார் செருப்பு" என்று சத்தமாகச் சொல்லி, அம்மாவிடம் குட்டு வாங்கியவள்.

குட்டிய அம்மாதான் அந்தக் குணத்தை எனக்குக் கொடுத்தவளும். அவளுடைய அப்பா குடித்தே வீட்டை அழித்தவர். அதனால் ஓர் ஆண்பிள்ளை சிரித்தாலும் மோந்து பார்ப்பாள், சிரிக்காவிட்டாலும் மோந்து பார்ப்பாள். என் அப்பாவைக் கட்டும் முன்பே ஒரு நிபந்தனை போட்டிருந்தாளாம். குடிக்கிறவன் எவனும் என் வீட்டு நடையை மிதிக்கக்கூடாது என்று. அப்பா துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தார். வேலை முடிந்தால் வீடு, வீடு விட்டால் வேலை. அவரால் அம்மாவுக்கு மோந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

பிறகுதான் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பெரியம்மா இறந்து, பிள்ளைகளும் இல்லாமல், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை அப்பாதான் கூட்டிவந்தார். பெரியப்பா சாதாரண ஆள் இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப்போகும் பெரிய மரத்தோணிகளில் தண்டலாக இருந்தவர். தோணிக்கு அவர்தான் கேப்டன். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தோணிக்காரர்கள் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். அம்மா தேத்தண்ணி போட்டே அலுத்துப்போவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதில் சிரிப்புக்கு ஆளாகிறவர் என் அப்பா. தோணியில் முதல் பயணம் வருகிற பையன் தலை சுற்றி வாந்தி எடுத்தால், தண்டல் தன் கையால் ஒரு கை கடல்தண்ணீரை அள்ளி நீட்டுவார். எல்லோரும் சுற்றி நிற்க, அவன் அதைக் குடிக்க வேண்டும். குடித்தால் தலைசுற்று நிற்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அதற்கும் நிற்காதவனுக்குக் கடலில் இடமில்லை. அப்பா பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணனின் தோணியில் ஏறியிருக்கிறார். கொழும்பு போய்ச் சேரும்வரை அண்ணன் கையால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சுற்று நிற்கவில்லை.

"தூத்துக்குடிக் கடல்ல பாதியக் குடிச்சிட்டாம்லே எந் தம்பி. தோணி தர தட்டிருமோன்னு பயந்துட்டேன்" என்று பெரியப்பா முடிப்பார். முற்றம் அதிரும். அப்பாவும் சிரித்துக்கொண்டே காலித் தம்ளர்களைப் பொறுக்குவார். தலை சுற்றுகிறவன் ஆம்பிளையா என்பது பெரியப்பா அடிக்கடி கேட்கும் கேள்வி. பதிலை எதிர்பார்த்து அவர் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் நடையில்தான் அம்மாவுக்குச் சந்தேகம் விழுந்தது. பெரியப்பா சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். புதிதாக வெள்ளையடித்த சுவரில் அவர் விரல்பட்ட இடம் முழுக்க அழுக்குக் கோடு. தினமும் மிதிக்கிற சைக்கிளைத் தொடவில்லை. காலையில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கும்போது சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது ஊரே நிமிர்ந்து பார்க்க, பெரியப்பா மட்டும் குனிந்தே இருந்தார்.

"ஆண்டவர் மொகத்தப் பாக்க முடியல, பாத்தியா" என்றாள் அம்மா என் காதில்.

ஒரு சிக்கல்தான் இருந்தது. வாசம் வரவில்லை. துவைக்கப் போட்ட சட்டைகளை அம்மா ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். தலையணை உறையை மோந்தாள். வியர்வையும் மூக்குப்பொடியும்தான். வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். அம்மாவுக்கு வாசம் வராததே பெரிய ருசுவாகப்பட்டது. ஹார்பருக்கு எந்தெந்த தேசத்திலிருந்தோ கப்பல் வருகிறது, வெள்ளைக்காரன் வாசமே இல்லாத சரக்கு வைத்திருப்பான், பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், தண்டலுக்குக் கப்பல்காரனைத் தெரியாதா என்று எனக்கு விளக்கினாள். நான் பிரமித்துப்போனேன். இந்த மூளை எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறதே என்று பெருமையாகவும் இருந்தது.

"ஏளா, சாயங்காலம் ஒம் பெரியப்பா எங்கன போறாருன்னு பின்னாலேயே போயிப் பாத்துட்டு வா. அவருக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

எனக்குப் பெரியப்பாவைப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் எவளாவது என்னை அடித்தால் வாசலில் வந்து நின்று மீசையை முறுக்கிவிட்டுப் போவார். அது போதும், ஒரு வாரத்துக்கு ஒருத்தியும் கிட்டே வர மாட்டாள். ஆனால் துப்பறிவதும் எனக்குப் பிடிக்கும். எது அதிகம் பிடிக்கும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நான் போனேன்.

திரேஸ்புரம் கடற்கரையில் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியப்பா மணலில் காலை அகட்டி வைத்து நடந்தார். ஒரு படகின் விளிம்பைப் பிடித்து, நின்று, அடுத்த படகுக்குக் கை நீட்டி, மறுபடி பிடித்து, அப்படியே தண்ணீர்ப் பக்கம் போய் ஒரு படகுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். நான் வலைக்குவியலின் மேல் ஏறி எட்டிப் பார்ப்பதற்குள் அவர் கையில் குவாட்டர் பாட்டில் இருந்தது. உள்ளே தண்ணீர் நிறத்தில் சரக்கு. அம்மா சொன்ன அதே சரக்கு! பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்சம் வாயில் ஊற்றி விழுங்கினார். குடிகாரர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி முகம் கோணியது. துண்டால் வாயைத் துடைத்து, பாட்டிலை மடியில் சொருகி, வந்ததைவிட மோசமாகத் தள்ளாடிக்கொண்டு திரும்பினார்.

நான் குறுக்குச் சந்தில் ஓடி அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொல்லையில் சுருட்டிப் போட்டிருந்த பழைய தோணிப் பாய்த்துணிக்குள் அவர் பாட்டிலைச் சொருகுவதைக் கிணற்றடியிலிருந்து பார்த்து, அவர் படுத்ததும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா மூடியைத் திறந்து மோந்தாள். வாசமில்லை. "நாஞ் சொன்னேன்லா" என்றாள். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அடுப்படியில் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ருசி பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு சொட்டு நாக்கில் பட்டால் நானும் தள்ளாடுவேன் என்று பயம் எனக்கு. அம்மா அந்தப் பாட்டிலைத் துணியில் சுற்றித்தான் தொட்டாள்.

மறுநாள் மத்தியானம் பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டிலை வைத்தாள்.

"அத்தான், இது ஒங்களுதா?"

பெரியப்பா பாட்டிலைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்க்கவில்லை. மீன்குழம்பு ஊற்றிய சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார்.

"குடிக்கியளா?"

பெரியப்பா ஏதோ இரண்டு சாமான்களைக் கையில் தூக்கிப் பார்த்து எது கனம் குறைவு என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தார்.

"குடிக்கத்தான் செய்யுதேன்" என்றார்.

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "அப்படின்னா மணப்பாட்டுல மதினி வீட்டுல போயி இருந்துக்கோங்க. எம் பிள்ள வளர்ற வீடு இது" என்று மட்டும் சொன்னாள். மணப்பாட்டு அத்தை அப்பாவுக்கு மூத்தவள், மூன்று மருமகள்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். அங்கே பெரியப்பாவுக்குப் படுக்க ஒரு மூலைகூடக் கிடையாது என்பது எனக்கே தெரியும். பெரியப்பா கையைக் கழுவிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் தகரப்பெட்டியை இழுத்தார். குனிந்து சட்டைகளை அடுக்குவதும், பாதியில் நிறுத்திப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவதுமாக இருந்தார். அவரைப் பிடித்துக் கொடுத்த நான் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்பா வேலை முடிந்து வந்தபோது பெட்டி நடையில் இருந்தது. அம்மா பாட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா பெட்டிமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மூடியைத் திறந்தார். நாங்கள் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். பாட்டிலை வாயில் வைத்தார்.

"ஐயோ மாதாவே!" என்றாள் அம்மா.

ஒரு மடக்குத்தான். அப்பா அதை உடனே விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த ருசி அவருக்கு அத்துப்படி. எந்தக் கையிலிருந்து குடித்த ருசி என்பதும் தெரியும். பிறகு மெல்ல விழுங்கினார்.

"இது எனக்குள்ளது" என்றார்.

"என்னது?"

"கடல்தண்ணி. வேணும்னா குடிச்சுப் பாரு. கொஞ்ச நாளா எனக்குத் தல சுத்துது. ஒங்கிட்டச் சொன்னா பயந்துருவேன்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். அவாள் பழைய வைத்தியத்தக் கொண்டாந்து தந்தாவ. எனக்குக் குடுக்கதுக்கு முன்ன அவாளும் ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்திருப்பாவ. நீ மூஞ்சியத் தூக்கிக்கிட்டுக் கேட்டா, தம்பியக் காட்டிக் குடுப்பாவளா?"

அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் தூவென்று துப்பினாள். பெரியப்பா தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார். அப்பாவுக்கு அவர் ஆயுசில் தலை சுற்றியது அந்தக் கொழும்புப் பயணத்தில் மட்டும்தான். அதை இங்கே எழுதுகிற எனக்குத் தெரியும். தூணைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்குத் தெரியாது.

"அப்ப அத்தான் நட ஏன் இப்பிடி இருக்கு?" அம்மா லேசில் விடுகிறவளா?

"காலமெல்லாம் தோணியில நின்ன காலு. அதுக்குத் தரையே பழகல" என்றார் அப்பா. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். "நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறேன். அண்ணாச்சி, நீங்க தொணைக்கு வரணும்."

அம்மா என்னையும் கூட அனுப்பினாள். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் புதிதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்காகப் பொய் சொல்கிறார். அது நிச்சயம். குடிக்கிறவர் அப்பா. பாவம் பெரியப்பா, தம்பிக்காகப் பழியை ஏற்கிறார். கடல்தண்ணீர் என்பது என் கண்ணைக் கட்டுவதற்காகப் பாட்டிலை மாற்றி வைத்த வேலை. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது.

உள்ளேயிருந்து, "தோணி கவுறுது! புடிங்கலே, புடிங்கலே!" என்று ஓர் அலறல் கேட்டது. பயத்தில் உடைந்த குரல். யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே வரும்போது இருவரும் தோளோடு தோள் சேர்த்து ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. டாக்டர் தலையை நீட்டி, "கடல் தண்ணிய இனிமே கையால தொடக்கூடாது, பிரஷர் ஏறிரும்" என்று இருவருக்கும் பொதுவாக அதட்டினார்.

ரிக்‌ஷாவில் பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "ஊசி இல்ல, மாத்திர இல்ல. தலையத் தொங்கப் போட்டு அந்தப் பக்கம் திருப்புதான், இந்தப் பக்கம் திருப்புதான். காதுக்குள்ள பொடிமணல் மாதிரி ஏதோ எடம் மாறிட்டாம், திருப்பித் திருப்பி அத அதுக்க எடத்துக்கே அனுப்புதானாம். எந்த ஊரு வைத்தியம்லே இது? ஏமாத்துக்காரப் பய."

"எனக்கு இப்பக் கொஞ்சம் தேவல" என்றார் அப்பா. பெரியப்பா வெளியே பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் அப்பா அம்மாவிடம் ஒப்பித்தார். சட்டென்று எழுந்திருக்கக்கூடாது, கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து தலை தெளிந்த பிறகுதான் நிற்க வேண்டும், அண்ணாந்து பார்க்கக்கூடாது, தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். அப்பா ஒவ்வொன்றையும் பண்ணினார். "தம்பிக்குத் தொணையா நானும் பண்ணுதேன்" என்று பெரியப்பாவும் பண்ணினார். காலையில் எதிரெதிர்க் கட்டில்களில் அண்ணனும் தம்பியும் காலைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு எடைமேடைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

அம்மாவின் நடவடிக்கைதான் எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரி விளக்கு ஒன்று வாங்கி மாட்டினாள். அப்பா கட்டில் பக்கம் மாட்டாமல் பெரியப்பா கட்டில் பக்கம் மாட்டினாள். நடையில் கிடந்த வழுக்குகிற பாயை எடுத்துவிட்டாள். கொல்லைக் கதவிலிருந்து கக்கூஸ்வரை துணி காயப்போடப் புதுக்கயிறு கட்டினாள், அதுவும் இடுப்பு உயரத்தில். சேலை காயப்போட்டால் பாதி தரையில் புரண்டது. கேட்டால், "எனக்குக் கை தூக்க முடியல, ஒனக்கென்ன?" என்றாள். இவ்வளவு புத்திசாலி அம்மா, நோயாளி யார் என்பதுகூட மறந்து போகிறாளே என்று வருத்தப்பட்டேன். அவளுக்கு எப்போது தெரிந்தது என்று இன்றைக்குவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

பெரியப்பாவின் நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. சுவரில் புதிதாக விரல்கோடு விழவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தலைசுற்று என்ற செய்தி அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து மீன் ஏலக்கூடத்துக்குப் போய், தோணிக்காரர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முற்றம் நிறைந்தபோது அவர்கள் முகத்திலேயே சிரிப்பு இருந்தது.

"ஏலே தம்பி, கரையிலயே ஒனக்குச் சுத்துதாமே?"

"எடமேடையில லாரி ஏறினா ஆடும்லா, அதான்."

"தண்டலே, ஒங்க தம்பிக்குக் கொழும்புல ஆரம்பிச்சது இன்னும் நிக்கல போல!"

அப்பா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு தம்ளர்களைப் பொறுக்கினார். "ஆமாண்ணே, என்ன செய்ய, நமக்கு வாங்கி வந்தது அம்புட்டுதான்" என்றார். அடுத்து பெரியப்பா அந்தக் கதையைத் தொடங்குவார் என்று எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நானும் சிரிப்பதற்குத் தயாராக வாயை வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா கதை சொல்லவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். நின்று, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"அவனுக்கு இல்லலே" என்றார். "தல சுத்துனது எனக்கு."

முற்றத்தில் எழுந்த சிரிப்பு பக்கத்து வீட்டு நாயை எழுப்பிவிட்டது. தண்டலுக்குத் தலை சுற்றுமாம்! ஒருவர் தொடையில் தட்டினார். இன்னொருவருக்குத் தேத்தண்ணி புரையேறியது. "தம்பிமேல என்னா பாசம் பாருங்கலே!" என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லோருடைய பேச்சையும் சந்தேகப்பட்ட நான், அந்தப் பேச்சைச் சந்தேகப்படக்கூட இல்லை, நேரே பொய் என்று முடிவுகட்டி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பெரியப்பா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "சத்தியமா எனக்குத்தாம்லே" என்று மறுபடியும் சொன்னார். இரண்டாவது தடவை இன்னும் பலமாகச் சிரித்தோம். தட்டோடு வாசலுக்கு வந்த அம்மா அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அப்பா தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பா கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு அப்பா எதற்கு அழுகிறார் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.